வீங்கிய காலுக்கு ஒரு மாத்திரை, தலைசுற்றலுக்கு இன்னொன்று

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. நான்கு மாதங்களுக்கு முன் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ரத்தக்கசிவு இல்லை, லேசான பக்கவாதம்தான் என்று சொல்லி ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சுகரும் பிரஷரும் பதினைந்து வருடமாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தவை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருபவை, தெருமுனை டாக்டர் கால் வீக்கத்துக்கும் தலைசுற்றலுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தவை, தோள்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கியது என்று ஒரு நாளைக்கு 19 மாத்திரை ஆகிறது. பட்டியலை இணைத்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால் அவருக்குப் புரையேறுகிறது. அதனால் அம்மா எல்லாவற்றையும் இடித்துப் பொடியாக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிறார். அப்பா முன்பு சாப்பிட்டதில் பாதிதான் சாப்பிடுகிறார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறது, பலவீனம் என்று நினைக்கிறோம். பகலெல்லாம் மந்தமாக இருக்கிறார். எந்த மாத்திரையை நிறுத்தலாம்? எல்லாவற்றையும் சேர்த்துப் பொடிக்கலாமா?

பதில்: நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முன்னால், போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியற்காலை வியர்வையைப் பலவீனம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டியலில் கிளைகோமெட்-ஜிபி 2 என்ற சுகர் மாத்திரை காலையிலும் இரவிலும் இருக்கிறது. அதில் உள்ள 'ஜிபி' என்பது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு வேளைக்கு 2 மி.கி. வீதம் நாளைக்கு 4 மி.கி. உள்ளே போகிறது. முழுச் சாப்பாடு சாப்பிட்ட காலத்தில் பொருந்திய அளவு, பாதிச் சாப்பாட்டுக்குப் பொருந்தாது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும்.

இன்றிரவே 3 மணிக்கு எழுந்து வீட்டு மீட்டரில் சுகர் பாருங்கள். வியர்க்கும் நேரத்திலும் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. அவர் விழிப்போடு இருந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, 3 தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கூழ்ப் பதத்தில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். புரையேறுகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றக் கூடாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் போடாமல் 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிவிட்ட பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கக்கூடியது. அதனால் சரியாகிவிட்டது என்று தூங்கவிடாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண் 70-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு மாத்திரையைக் குறைக்க அதுவே போதுமான காரணம். இந்த வயதில், பக்கவாதத்துக்குப் பின், மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8-ஐ ஒட்டி இருந்தாலே பலருக்குப் போதும். அதை 6.5-க்கு இறக்கப் பாடுபடுவதில் லாபத்தைவிட ஆபத்து அதிகம்.

இன்னொன்று. தாழ்சர்க்கரை ஒரு பக்கக் கை கால் பலவீனமாகவும் பேச்சுக் குழறலாகவும் வந்து, இரண்டாவது பக்கவாதம் போலவே ஏமாற்றும். அப்படி ஏதாவது நடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள்.

இனி பட்டியலுக்கு வருவோம்.

அட்டைகள் 12, மருந்துகள் 15

நீங்கள் எழுதியிருப்பது 12 வகை அட்டை. பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, பெட்டியிலும் அட்டையிலும் சின்ன எழுத்தில் இருக்கும் உட்பொருளைப் பார்த்தால் அதில் 15 மருந்துகள் இருக்கின்றன. இரண்டு மருந்துகள் இரண்டு முறை வருகின்றன. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. டெல்மா-ஏஎம் என்பதில் டெல்மிசார்ட்டனோடு அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது, இரண்டும் பிரஷர் மருந்துகள். பான்-டி என்பதில் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு குமட்டலுக்கான டாம்பெரிடோன். எக்கோஸ்பிரின் கோல்டு என்ற ஒரே கேப்சூலுக்குள் ரத்தம் இளக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் என்று மூன்று. இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது என்பதால் ஊகிக்காமல் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அரசுத் திட்டத்தில் வந்த அட்டைகளைப் பாருங்கள்: அம்லோடிபின் 5 மி.கி., சுகருக்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை. அம்லோடிபின் ஏற்கெனவே டெல்மா-ஏஎம்மில் 5 மி.கி. இருக்கிறது. ஆக அப்பா தினமும் 10 மி.கி. சாப்பிடுகிறார். அதுதான் அந்த மருந்தின் உச்ச அளவு. மெட்ஃபார்மின் கிளைகோமெட்டில் இரண்டு வேளைக்கும் சேர்த்து 1000, அரசு மாத்திரையில் இன்னொரு 1000, மொத்தம் 2000 மி.கி. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் இருப்பது பழைய அட்டைப் பதிவு. ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதியவருக்கு வீட்டுக்கு மாத்திரை வருவது தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நீங்கள் மட்டும்தான்.

அம்லோடிபின் 10 மி.கி.யின் கதை உங்கள் பட்டியலின் மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறது. அளவு கூடக்கூடக் கணுக்கால் வீக்கம் வரும் மருந்து இது. சின்ன ரத்தக்குழாய்களை விரியவைப்பதால் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதால் வந்த வீக்கம் அல்ல. அதனால் நீர் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் கால் வீங்கியதும் ஃப்ரூசிமைடு 40 வந்துவிட்டது. அது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் நீரை வற்றவைத்தது. டெல்மிசார்ட்டன், இரட்டை அம்லோடிபின், அதன்மேல் ஃப்ரூசிமைடு. எழுந்து நின்றால் பிரஷர் சரிகிறது, தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்குச் சின்னரிசின் 25 மி.கி. மூன்று வேளை. சின்னரிசினுக்கு மந்தம் உண்டு. வயதானவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் போலவே நடை குறுகி, முகம் உறைந்து, கை நடுங்கும். டாம்பெரிடோனுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. நீர் மாத்திரையால் ராத்திரியில் சிறுநீர் போக எழுந்து தூக்கம் கெட்டால் அதற்குக் குளோனசெபாம். பகல் மந்தம் அங்கே இரட்டிப்பாகிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவது. அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று. பக்கவாதத்துக்குப் பிந்தைய மாதங்களில் மாத்திரை எண்ணிக்கை ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இது சரியான ஊகம்தானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். காலை மாத்திரை கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அப்பாவை 5 நிமிடம் படுக்கவைத்து, இடது கையில் பிரஷர் பாருங்கள். செயலிழந்த வலது கையில் பார்க்க வேண்டாம். தசை தளர்ந்தோ இறுகியோ இருக்கும் கையில் அளவு தவறும். பிறகு பிடித்துக்கொண்டு நிற்கவையுங்கள். நிற்க முடியாவிட்டால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும். 1 நிமிடத்தில் ஒரு முறை, 3 நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேலோ கீழ் அளவு 10-க்கு மேலோ இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மூன்று நாள் இப்படிப் பார்த்து எழுதிய தாள், மருத்துவர் மேசையில் எந்த ஸ்கேனையும்விட வேகமாக வேலை செய்யும். உட்கார்ந்த நிலையில் எடுத்த ஒரே ஒரு அளவு 150 என்று காட்டினால், பாவம் அவரும் இன்னொரு பிரஷர் மாத்திரையைத்தானே எழுதுவார்?

ஒரு எச்சரிக்கை. வீக்கம் இரண்டு காலிலும் இருந்தால் அம்லோடிபின் என்று சந்தேகிக்கலாம். விழுந்த பக்கக் காலில் மட்டும் புதிதாக வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது காலின் ஆழத்தில் உள்ள சிரையில் (ரத்தக்குழாயில்) ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது.

எதை யாரிடம் கேட்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று முதல் இரண்டு வாரம் என்று போக வேண்டும். அவசரமானவை இரண்டே.

முதலாவது, தோள்வலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக். அதை இன்றே நிறுத்துங்கள், யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவருக்கு அது இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். பிரஷரை ஏற்றும். டெல்மிசார்ட்டன், ஃப்ரூசிமைடு ஆகிய இரண்டோடு மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த அழுத்தத்தைச் சாய்த்து, சில நாளில் கிரியாட்டினினை (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவு) ஏற்றிவிடும். இபுபுரோஃபென் வாங்கலாமே என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். வலிக்குப் பாரசிட்டமால் 650 மி.கி., தேவைப்படும்போது, ஒரு நாளைக்கு மூன்றைத் தாண்டாமல் போதும். ஆனால் பக்கவாதத்துக்குப் பின் வரும் தோள்வலி பல நேரம் மூட்டு இறங்கித் தொங்குவதால் வருவது. எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்காதீர்கள். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலேயே வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியபோதே அதில் இருந்த சேவை. மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

இரண்டாவது, இரட்டை அம்லோடிபின். எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, "டெல்மா-ஏஎம்மும் கொடுக்கிறோம், அரசு அம்லோடிபின் 5-உம் கொடுக்கிறோம், இரண்டும் வேண்டுமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். 'பிரஷர் மாத்திரை ரெண்டு சாப்பிடறார்' என்றால் அவருக்கு விஷயம் புரியாது. ஒன்றை நிறுத்தியபின் வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அது வடிந்தபின் ஃப்ரூசிமைடு தேவையா என்று கேளுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக எழுதியிருந்தால் அது தொடர வேண்டும், அதனால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்தால் காலையில் கொடுங்கள். இரண்டாவது வேளை இருந்தால் மதியம் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். தலைசுற்றல் நின்றபின் சின்னரிசினுக்கு வேலை இல்லை. குளோனசெபாம் மட்டும் கடைசியில். ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முற்றிலும் போகும், பதற்றம் வரும், வலிப்புகூட வரலாம். அதை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

பெரிய கேள்வி எக்கோஸ்பிரின் கோல்டு. லேசான பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து கொடுப்பது பொதுவாக 21 நாள். மூளைக்குள் உள்ள பெரிய ரத்தக்குழாய் மிகவும் சுருங்கியிருந்தால் 90 நாள் வரை. அடுத்த அடைப்பு வரும் ஆபத்து முதல் சில வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு இரண்டையும் தொடர்ந்தால் ரத்தக்கசிவு கூடுகிறது, பக்கவாதம் குறைவதில்லை. அப்பாவுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் போன்ற சிலருக்குக் காலம் நீளும் என்பதால் நீங்களாக நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் "இரண்டும் எத்தனை நாள் என்று எழுதவில்லை, இப்போது ஒன்று போதுமா?" என்று கேளுங்கள். மீதி ஒன்று ஆயுளுக்கும் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ரத்தம் இளக்கும் மாத்திரையை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்' என்று கேப்சூலை நிறுத்தி, வெறும் ஆஸ்பிரினை வாங்கிவந்தால், அதற்குள் இருந்த அட்டோர்வாஸ்டாட்டினும் சத்தமில்லாமல் போய்விடும். கொழுப்பு மாத்திரை தனியாக எழுதப்பட்டதா என்று அங்கேயே பாருங்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்திருந்தால் அது மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள், நிறுத்தலாம் என்று பொருளல்ல.

பான்டோபிரசோல் இப்போதைக்கு இருக்கட்டும், இரண்டு இளக்கிகள் இருக்கும்வரை இரைப்பைக்கு அது காவல். அது தீர்ந்துபோனால் ஒமெபிரசோல் அல்லது ஈசோமெபிரசோலை மாற்றாக வாங்காதீர்கள். கல்லீரலில் க்ளோபிடோக்ரெல் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை அவை தடுக்கும். 'டி' இல்லாத வெறும் பான்டோபிரசோல் போதுமா என்று கேளுங்கள்.

லெவெடிராசெட்டம் வலிப்பு மாத்திரை. வலிப்பே வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னெச்சரிக்கையாக மட்டும் கொடுத்ததென்றால் நீண்டநாள் தேவைப்படாது. மந்தம், எரிச்சல், கோபம் இதற்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் அளவும் குறைய வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தெரியாமல் வலிப்பு வந்திருக்கலாம், டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். தானாக நிறுத்தக் கூடாத பட்டியலில் இதுவும் உண்டு. சிட்டிகோலின் வேறு வகை, பக்கவாதத்துக்குப் பின் மூளை தேறட்டும் என்று எழுதுவது. 2012-இல் வெளியான, 2298 பேர் பங்கேற்ற ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலான பலன் தரவில்லை. தீங்கும் பெரிதாக இல்லை. அந்தப் பணத்துக்கு வாரம் ஒரு முறை கூடுதலாக இயன்முறைச் சிகிச்சை எடுக்கலாம் என்பது என் கருத்து.

இவ்வளவையும் முடிவு செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும்: கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம். டெல்மிசார்ட்டனோ நீர் மாத்திரையோ தொடங்கி அல்லது அளவு மாற்றி ஒன்று, இரண்டு வாரத்தில் ஒரு முறை, பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சிறுநீரக வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே என்றால் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். நீர் மாத்திரையால் சோடியம் இறங்கினால் ஆள் குழம்புவார், தூங்கி வழிவார், பேச்சு மந்தமாகும். வீட்டில் இதை 'மறுபடி ஸ்ட்ரோக்' என்றோ 'வயசாயிடுச்சு' என்றோ எடுத்துக்கொள்வது வழக்கம். டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு வேண்டாம், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். தினமும் இளநீர் கொடுப்பதையும் சோதனை முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். பிரஷருக்கு இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

பொடிக்கலாமா?

சேர்த்துப் பொடிக்கக் கூடாது. கிளைகோமெட்-ஜிபியில் உள்ள மெட்ஃபார்மின் பல மணி நேரத்தில் மெல்லக் கசியும்படி செய்யப்பட்டது. இடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கி வயிற்றைக் கலக்கும். எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், சிஆர் என்ற எழுத்துகள் அட்டையில் இருந்தால் உலக்கைக்கு வேலையில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தில் அழியாமல் குடலில் கரையும்படி பூச்சுப் பூசிய மருந்து. இடித்தால் அது குடலுக்குப் போய்ச்சேர்வதற்குள் வீணாகிவிடும். பூச்சுள்ள ஆஸ்பிரினை இடித்தால் இரைப்பையில் நேராக உட்கார்ந்து அரிக்கும். டெல்மிசார்ட்டன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மாத்திரை, பொடித்தே ஆகவேண்டுமென்றால் கொடுக்கும் நேரத்தில்தான்.

வழி இருக்கிறது. மருத்துவரிடம் "விழுங்க முடியவில்லை" என்று சொன்னால் கூட்டு மாத்திரைகளைப் பிரித்து எழுதுவார். சாதாரண மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின், க்ளோபிடோக்ரெல் ஆகியவற்றைப் பொடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் உங்களுக்கு அரசுத் திட்டத்தில் வரும் வெறும் மெட்ஃபார்மின்தான், காசு கொடுத்து வாங்குவதைவிட இந்த நிலைக்குப் பொருத்தமானது. ஆஸ்பிரின் தண்ணீரில் கரையும் வகையில் கிடைக்கிறது. லெவெடிராசெட்டம் சிரப்பாக உண்டு, 1 மி.லி.க்கு 100 மி.கி.; 500 மி.கி. என்றால் 5 மி.லி., சமையல் கரண்டியால் அல்லாமல் சிரிஞ்சால் அளக்க வேண்டும்.

ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பொடித்து, அரைத் தேக்கரண்டி கெட்டித் தயிரிலோ மசித்த பழத்திலோ குழைத்து உடனே கொடுங்கள். ஒரு கிண்ணம் சாதத்தில் கலந்தால், அவர் பாதியில் நிறுத்தும்போது எத்தனை மி.கி. போயிற்று என்று யாருக்கும் தெரியாது. முதுகு நேராக நிமிர்ந்து, முகவாய் சற்றுக் கீழே குனிந்த நிலையில் விழுங்கட்டும். அண்ணாந்து விழுங்கினால் மூச்சுக்குழாய்தான் திறந்துகொள்ளும். முடிந்ததும் வலது கன்னத்தின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கன்னத்தில் மாத்திரை ஒதுங்கிக் கிடப்பது அவருக்கே தெரியாது. இரவு மாத்திரை காலையில் தலையணையில் கிடந்தால் அது இப்படி வந்ததுதான். பிறகு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். தண்ணீருக்கே புரையேறுகிறது என்றால் விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளர் பரிசோதித்து எந்தப் பதத்தில் தரலாம் என்று சொல்ல வேண்டும். அதுவரை காய்ச்சல், கரகரத்த குரல், சாப்பிட்டதும் இருமல் இருந்தால் நுரையீரலுக்குள் போகிறது என்று கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு மஞ்சப்பையை எடுத்து வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் அதில் போடுங்கள். கண் சொட்டு, இருமல் மருந்து, லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணம், பாதி வெட்டிய அட்டை உட்பட. பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள்: உட்பொருளின் பெயர், மி.கி., எதற்கு, யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து, எப்போது வரை. 'எதற்கு' என்ற கட்டம் காலியாக இருக்கும் மருந்துகள்தான் அடுத்த முறை கேட்க வேண்டியவை. 'எப்போது வரை' என்ற கட்டத்தில் எதுவும் எழுத முடியாதவை இன்னும் முக்கியம். பெயர் தெரியாத பொடியைச் சித்த மருத்துவரிடமே காட்டி உட்பொருளை எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் கொடுக்காதீர்கள். வாதத்துக்கு என்று லேபிள் இல்லாமல் விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு, அது சுகரையும் பிரஷரையும் ஒருசேர ஏற்றும்.

கடையில் அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனை உங்களிடம் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் மாத்திரையை மறுமுனையிலிருந்து எடுங்கள். அளவு மாற்றியதும் பழைய அட்டைகளை அன்றே டப்பாவிலிருந்து வெளியேற்றுங்கள். அம்மாவின் கை பழக்கத்தில் பழையதைத்தான் எடுக்கும். ஏழு நாளுக்கான கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி நல்லது. ஆனால் டெல்மிசார்ட்டனை அட்டையோடு கத்தரித்துத்தான் அதில் போட வேண்டும். பின்னால் எப்போதாவது இதயத் துடிப்புக் கோளாறுக்காக டாபிகாட்ரான் என்ற ரத்தம் இளக்கும் மருந்தை எழுதினால், அந்தக் கேப்சூலைப் பெட்டியில் போடவும் கூடாது, திறக்கவும் கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டாம். சாப்பிட மாட்டேன் என்று அப்பா தட்டைத் தள்ளிய வேளையில் கிளிமிபிரைடை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள், ஒரு பிரதியைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். முகம் கோணினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ 108-இல் ஏறும்போது அது கையில் இருக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அங்கே முதலில் கேட்பது கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தையும், ரத்தம் இளக்கும் மருந்து எது, கடைசியாக எப்போது கொடுத்தது என்பதையும்தான். வழியில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும். கீழே விழுந்து தலையில் இடித்துக்கொண்டால், எழுந்து காபி கேட்டாலும் அன்றே ஸ்கேன் எடுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அதுவும் அன்றைய வேலை.

அடுத்த முறை சுகாதாரத் தன்னார்வலர் வரும்போது நோட்டைக் காட்டி, அவர் பதிவேட்டிலும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய அம்லோடிபின் அடுத்த மாதமும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.